அப்டேட்: ரிஃப்ளெக்ஸ் தேவைப்படாத ஹாரர் கேம் கேட்டிருந்தேனே

மணிக்கட்டு வலியால வேகமா பட்டன் அமுக்க முடியாது, ஓடுறது சுடுறது இல்லாத ஹாரர் கேம் சொல்லுங்கன்னு போன மாசம் கேட்டிருந்தேன், பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

முதல்ல சோமா (2015). அதுல சேஃப் மோட்னு ஒண்ணு இருக்கு, 2017 டிசம்பர்ல அப்டேட்டா வந்தது, பேய் மாதிரி அலையுறதுங்க கண்ணு முன்னாடியே சுத்தும் ஆனா நம்மள கொல்லாது. கதை செம, ஆனா எனக்கு அரை மணி நேரத்துல தலை சுத்த ஆரம்பிச்சிருச்சு, அதான் பாதியில நிறுத்திட்டேன்.

கடைசில செட் ஆனது ஸ்க்ராட்சஸ் (2006) தான், சொன்ன புண்ணியவான் நல்லா இருக்கணும்! ஒரு பழைய பங்களா, மவுஸ் கிளிக் மட்டும், சண்டையே கிடையாது, ராத்திரி அந்த சுவத்த பிராண்டுற சத்தம் கேட்டப்போ ஹெட்செட்ட கழட்டி வச்சிட்டேன். ஒண்ணு மட்டும், சின்ன விஷயத்த விட்டுட்டா கதை நகராது, நான் ரெண்டு நாள் சும்மா சுத்துனேன், வாக்த்ரூ (கேம எப்படி முடிக்கணும்னு படிப்படியா சொல்ற கைடு) பாக்க வெக்கப்படாதீங்க.

தி கேட் லேடி (2012) வாங்குறவங்களுக்கு: மவுஸே கிடையாது, கீபோர்டு மட்டும்தான், ஆனா அவசரமில்லாம அமுக்கலாம். தற்கொலை பத்தின கதை, மனசு சரியில்லாதப்போ வேணாம்.