புதுப்பிப்பு: நீலப் புகை நின்றது, எஞ்சினை இறக்கவில்லை

போன மாதம் எழுதியிருந்தேனே, 2009 மாடல் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) டீசல் கார், மார்த்தாண்டம் நெரிசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் காலி என்று. பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள்.

இறக்கவில்லை. தக்கலைப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாகிறது என்று பார்த்தார். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. "எஞ்சின்ல ஒண்ணும் இல்ல மக்கா" என்றபடி, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றிச் சாய்த்தார். கால் தம்ளர் கருப்பு ஆயில் கொட்டியது. டர்போ ஷாஃப்டை விரலால் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் நன்றாகவே ஆடியது.

மூலக் காரணம் வேறு. டர்போவிலிருந்து ஆயில் சம்ப்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கும் குழாய் கரி பிடித்து அடைத்திருந்தது. இறங்க வழியில்லாத ஆயில், டர்போவின் சீலைத் தாண்டிக் காற்றோடு எஞ்சினுக்குள் போய் நீலப் புகையாக எரியாமல் என்ன செய்யும்? டர்போவை மட்டும் மாற்றியிருந்தால் புதியதற்கும் இதே கதிதான்.

டர்போவின் உள்பாகங்கள் மாற்றி, பேலன்ஸ் செய்து, குழாயும் புதிது போட்டாயிற்று. இன்டர்கூலரையும் கழுவிக் காயவைத்தோம். அதில் தேங்கிய ஆயிலை டீசல் எஞ்சின் எரிபொருளாக உறிஞ்சிக்கொண்டால், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் சீறும்.

முதல் இரண்டு நாள் மறுபடி புகை. வயிறு கலங்கிவிட்டது. சைலன்சரில் படிந்திருந்த பழைய ஆயில்தான். ஆரல்வாய்மொழி வரை ஒரு ஓட்டம் போய்வந்ததும் நின்றது. இப்போது 1,200 கிலோமீட்டர் ஆகிறது, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு அசையவில்லை.

அப்புறம், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறதா என்று கேட்டவருக்கு: இல்லை. அப்படியிருந்தால் புகை வெள்ளையாக வந்திருக்கும்.