கேவிஎம் எம்எம்யூ கோடு: லாக் விதியைக் கமெண்ட்டில் எழுதணுமா, அசெர்ட் போதுமா?

நிரல்வேடன்:
லினக்ஸ் கெர்னலுக்குள் மெய்நிகர் இயந்திரங்களை (கெஸ்ட்) ஓட்டும் கேவிஎம்மின் லாக்கிங் ஆவணத்தில் எந்த லாக்குக்குப் பிறகு எது என்ற வரிசை தெளிவாக இருக்கிறது. கேவிஎம்->லாக் முதலில், விசிபியூ->மியூடெக்ஸும் ஸ்லாட்ஸ்_லாக்கும் அதற்கு உள்ளே. ஆனால் லாக் பிடிக்காமல் படிக்கும் மதிப்புகளின் விதி அங்கே ஃபாஸ்ட் பேஜ் ஃபால்ட் (கெஸ்ட் ஒரு பக்கத்தைத் தொட முடியாமல் நிற்பதை லாக் இல்லாமல் தீர்க்கும் வேகப்பாதை) பகுதியோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கெஸ்ட்டின் மெமரி முகவரியை நிஜ மெமரியோடு இணைக்கும் எம்எம்யூ கோடில் ஒவ்வொரு ஃபங்ஷன் தலையிலும் மூன்று விஷயம் எழுத வேண்டும் என்பது என் கட்சி: எந்த லாக் எந்த மோடில், எந்த மதிப்பு பழையதாக இருக்கலாம், அதை யார், எங்கே மறுபடி சரிபார்க்கிறார்கள்.

பூட்டுக்காரன்:
ஒத்துக்க முடியாது. கமெண்ட்டை கம்பைலரும் படிக்காது, லாக் விதி மீறலை ஓடும்போதே பிடிக்கற லாக்டெப்பும் படிக்காது. லினக்ஸ் 5.12-ல எக்ஸ்86-க்கு எம்எம்யூ_லாக் ஸ்பின்லாக்கிலிருந்து ஆர்டபிள்யூலாக்கா (ரீட் மோடுல பல பேர், ரைட் மோடுல ஒருத்தர் மட்டும்) மாறிச்சு, டிடிபி எம்எம்யூ (ஹார்ட்வேரோட இரண்டாம் அடுக்கு பேஜ் டேபிளுக்கான புது எம்எம்யூ கோடு) ஃபால்ட்டெல்லாம் ரீட் மோடுலயே ஓட ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி “எம்எம்யூ_லாக் பிடித்திருக்க வேண்டும்”னு எழுதின வரிக்கு ஒரே அர்த்தம். அப்புறம்? ரீட்டா, ரைட்டா? லாக்டெப்_அசெர்ட்_ஹெல்ட்_ரைட்னு ஒரு சோதனை வரி (அசெர்ட்) போட்டிருந்தா ரீட் மோடுல வந்தவன் முதல் ஓட்டத்துலயே மாட்டுவான். வெறும் அசெர்ட்_ஹெல்ட் போட்டா ரெண்டு மோடையும் விட்டுடும், அதையும் கவனிக்கணும்.

நிரல்வேடன்:
லாக் பிடித்த இடத்துக்கு அசெர்ட் சரி. லாக் பிடிக்கவே கூடாத இடத்தில் என்ன அசெர்ட் போடுவீர்கள்? ஃபால்ட் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஃப்என் (நிஜ மெமரிப் பக்க எண்) தேடும்போது தூங்க நேரலாம், எனவே அப்போது எம்எம்யூ_லாக் கையில் இருக்கக் கூடாது. அதனால்தான் இந்த வரிசை: முதலில் எம்எம்யூ_இன்வாலிடேட்_சீக்கை (இன்வாலிடேட், அதாவது மேப்பிங் ரத்து, முடியும்போதெல்லாம் கூடும் எண்) படி, எஸ்எம்பி_ஆர்எம்பி (படிக்கும் வரிசையைக் காக்கும் மெமரி பேரியர்), பிறகு பிஎஃப்என் தேடு, பிறகு லாக் பிடி, கடைசியாக இன்வாலிடேட்_ரிட்ரை, அதாவது இடையில் ரத்து நடந்ததா என்ற சோதனை.

யாரோ “சுத்தம் செய்கிறேன்” என்று சீக் படிக்கும் வரியை பிஎஃப்என் தேடலுக்குக் கீழே நகர்த்தினால் பாருங்கள். விசிபியூ (கெஸ்ட்டின் மெய்நிகர் சிபியூ) எக்ஸ் என்ற மெமரிப் பக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. அந்த இடைவெளியில் வேறு சிபியூ இன்வாலிடேட்டைத் தொடங்கி முடித்தும் விடுகிறது. சீக் 7-லிருந்து 8 ஆகிறது. இப்போது விசிபியூ படிப்பது 8. லாக் பிடித்துப் பார்த்தால் இன்_புராக்ரஸ் (நடந்துகொண்டிருக்கும் இன்வாலிடேட்களின் எண்ணிக்கை) 0, சீக்கும் 8-தான், எல்லாம் சரி என்று எக்ஸை எஸ்பிடிஇ-யில் (கேவிஎம்மின் பேஜ் டேபிள் பதிவு) எழுதிவிடுகிறது. ஃபால்ட் பாதை தன் ரெஃபரன்ஸை விட்டதும் பக்கம் வேறு ஆளுக்குப் போகும், எஸ்பிடிஇ மட்டும் அப்படியே நிற்கும். கெஸ்ட் எழுதுவதெல்லாம் அடுத்தவன் மெமரியில். இதில் லாக்டெப் வாயே திறக்காது, ஏனென்றால் லாக் விதி எதுவும் மீறப்படவில்லை.

தடுப்புவேலி:
நிரல்வேடன் சொன்னதற்குக் கோடிலேயே சாட்சி இருக்கிறது. இன்வாலிடேட் முடியும்போது சீக்கைக் கூட்டி, எஸ்எம்பி_டபிள்யூஎம்பி (எழுதும் வரிசைக்கான பேரியர்) போட்டு, அதன் பிறகே இன்_புராக்ரஸைக் குறைக்கிறார்கள். ரிட்ரை பக்கம் தலைகீழ்: முதலில் இன்_புராக்ரஸ், எஸ்எம்பி_ஆர்எம்பி, பிறகு சீக். எக்ஸ்86 மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு பேரியருமே வெட்டி, எம்எம்யூ_லாக் போதுமே என்று தோன்றும். ரிட்ரை ஃபங்ஷனுக்குள் இருக்கும் கமெண்ட் காரணம் சொல்கிறது: பவர்பிசி சிப்களுக்கான கேவிஎம் வடிவமான புக்3எஸ் ஹெச்வி அந்த ஃபங்ஷனை எம்எம்யூ_லாக்கில் அல்ல, பக்கத்துக்குப் பக்கம் தனி லாக்கில் கூப்பிடுகிறது. அந்தக் கமெண்ட் இல்லையென்றால் யாராவது அந்த பேரியர்களை என்றைக்கோ நீக்க பேட்ச் அனுப்பியிருப்பார்கள்.

பூட்டுக்காரன்:
சரி, வரிசைக்கு கமெண்ட் வேணும், அதை விட்டுக்கொடுக்கறேன். ஆனா ஒவ்வொரு ஃபங்ஷன் தலையிலும் எதுக்கு? இது மூணு ஃபங்ஷன் சேர்ந்து ஆடற ஆட்டம். மூணு இடத்துல எழுதினா ஒண்ணை மாத்துவான், ரெண்டை மறப்பான். சீக் ஃபீல்டு இருக்கற ஸ்ட்ரக்ட்லயே ஒரு தடவை எழுதுங்க. பெரிய ரேஸ்னா ஆவணத்துக்குப் போகட்டும். ஃபாஸ்ட் பேஜ் ஃபால்ட் ஏபிஏ சிக்கல் (மதிப்பு மாறித் திரும்பவும் பழையபடி ஆனதால மாற்றமே தெரியாமப் போறது) அங்கதான் அழகா உட்கார்ந்திருக்கு: பிஎஃப்என்1 ஸ்வாப் ஆகி ஜிஎஃப்என்2-க்கு (ஜிஎஃப்என்னா கெஸ்ட் பார்க்கற பக்க எண்) போயிடும், எஸ்பிடிஇ மதிப்பு பழசு மாதிரியே இருக்கும், கம்ப்எக்ஸ்சேஞ்ச் (பழைய மதிப்பு அப்படியே இருந்தா மட்டும் மாத்தற கட்டளை) ஜெயிச்சிடும், பக்கம் மாறிச்சுன்னு குறிக்கற டர்ட்டி பிட் ஜிஎஃப்என்1-க்குப் பதிவாகி ஜிஎஃப்என்2 விட்டுப்போகும். டைரக்ட் ஷேடோ பக்கத்துல ஜிஎஃப்என் மாறாது, அதனால பிரச்சினை இல்ல. இன்டைரக்ட்ல (கெஸ்ட்டோட பேஜ் டேபிளைப் பின்தொடரற ஷேடோ பக்கம்) ஃபாஸ்ட் பாதையே மூடியிருக்கு. இதை எந்த ஃபங்ஷன் தலையில தொங்கவிடுவீங்க?

தடுப்புவேலி:
இடத்தை விட, எழுதும் வாசகம்தான் பெரிய சிக்கல் என்பேன். “மதிப்பு பழையதாக இருக்கலாம்” என்று மட்டும் எழுதுவது எழுதாததற்குச் சமம். பழையதாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? லாக் பிடிக்கும் முன்பே ரிட்ரை தேவையா என்று பார்க்கும் ரிட்ரை_ஜிஎஃப்என்_அன்சேஃப் நல்ல மாதிரி. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கமெண்ட்டை நான் எழுதினால் இப்படி வரும்:

“எம்எம்யூ_லாக் இல்லாமல் கூப்பிடலாம். விடை இரண்டு பக்கமும் தப்பலாம். தவறாக ‘ஆம்’ என்றால் ஃபால்ட் இன்னொரு முறை வரும், அவ்வளவுதான். தவறாக ‘இல்லை’ என்றால் லாக்குக்காக வீணாகக் காத்திருப்போம். லாக் பிடித்த பிறகு பூட்டிய வடிவத்தைக் கட்டாயம் கூப்பிட வேண்டும். சரியான விடை அங்கேதான்.”

கூடவே ரீட்_ஒன்ஸ் (மதிப்பை மெமரியிலிருந்தே படிக்கச் சொல்வது) ஏன் என்றும் ஒரு வரி. லூப்பில் கம்பைலர் பழைய மதிப்பை ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொண்டால் வெளியே வர வழியில்லாமல் போகலாம். டேட்டா ரேஸைத் தேடும் கேசிசான் கருவியின் எச்சரிக்கையை அடக்க டேட்டா_ரேஸ் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தை எழுதுவதே இல்லை.

நிரல்வேடன்:
அப்படியானால் லாக் இல்லாமல் பேஜ் டேபிளைப் படிப்பதைத் தொடங்கி முடிக்கும் ஷேடோ வாக் லாக்லெஸ் பிகின்–எண்ட் ஜோடிக்கும் இதே கேள்வி. டிடிபி எம்எம்யூவில் ஆர்சியூ (படிப்பவர்கள் முடிக்கும்வரை விடுவிப்பதைத் தள்ளிப்போடும் முறை) காக்கிறது. பழைய ஷேடோ எம்எம்யூவில் ஐஆர்க்யூவை (இன்டரப்ட்) அணைத்து, விசிபியூ மோடை ‘ரீடிங்’ என்று வைக்கிறோம். பக்கத்தை விடுவிப்பவர் டிஎல்பி ஃப்ளஷ் ஐபிஐ (முகவரி கேஷை அழிக்க மற்ற சிபியூக்களுக்குப் போகும் இன்டரப்ட்) அனுப்பிக் காத்திருப்பார். ஒரே ஜோடி, இரண்டு காப்பு. எண்ட்டுக்குப் பிறகு எஸ்பிடிஇ மதிப்பின் நகலைக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், பாயின்ட்டரைத் தொடக் கூடாது. இது ஸ்ட்ரக்ட் ஃபீல்டில் ஒட்டாது, ஃபங்ஷன் தலையில்தான் ஒட்டும்.

பூட்டுக்காரன்:
அந்த ஜோடிக்கு மட்டும் சரி, மத்ததுக்கு என் கட்சி மாறல. பேட்ச் அனுப்பறப்ப அசெர்ட்டைத் தனி பேட்சா முதல்ல வைங்க, கமெண்ட் அடுத்ததுல வரட்டும். அசெர்ட் பேட்சை கெர்னல் சோதனை அமைப்புகளான புரூவ்_லாக்கிங், புரூவ்_ஆர்சியூ ரெண்டையும் போட்டு, மெம்ஸ்லாட் (கெஸ்ட் மெமரிப் பகுதி) மாடிஃபிகேஷன் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டோட ஓட்டுங்க. லாக்டெப் ஓடின பாதையைத்தான் பார்க்கும். டிடிபி எம்எம்யூவை அணைச்சும் ஒரு தடவை ஓட்டலைன்னா ஷேடோ பக்கத்து அசெர்ட்ல பாதி தொடப்பட்டே இருக்காது.