மைனஸ் எட்டின் கனமூலம் மைனஸ் இரண்டுதானே?

கலப்பெண்களோடு (மெய்ப் பகுதியும் கற்பனைப் பகுதியும் சேர்ந்த எண்கள்) புரோகிராம் எழுதியவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே பகிருங்கள். என்னுடையதில் இருந்து தொடங்குகிறேன்.

முப்படிச் சமன்பாடுகளுக்குத் தீர்வு காணும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். கார்டானோ முறைதான், அதாவது இரண்டு கனமூலங்களைக் கூட்டி விடை காணும் சூத்திரம். முதல் சோதனைக்கு, 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கணிதர் பொம்பெல்லி கையாண்ட பழைய கணக்கையே எடுத்துக்கொண்டேன்: எக்ஸின் கனம் = 15 எக்ஸ் + 4. விடை 4 என்று மனக்கணக்கிலேயே தெரியும். ஆனால் சூத்திரத்தின் வழியே போனால் நடுவில் மைனஸ் 121-க்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மெய்யெண்களை மட்டும் கையாளும் மேத் தொகுதி அந்த இடத்திலேயே பிழை காட்டி நின்றுவிட்டது. கலப்பெண்களுக்கான சிமேத் தொகுதிக்கு மாற்றினேன். மைனஸ் 1-இன் வர்க்கமூலத்தைப் பைத்தான் ஜே என்று எழுதும். 2 + 11ஜே-வின் கனமூலம் 2 + ஜே, அதன் இணையெண் (கற்பனைப் பகுதியின் குறியை மாற்றியது) 2 − ஜே, இரண்டையும் கூட்டினால் 4. கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெய்யெண் வெளியே வந்ததைத் திரையில் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

அடுத்து எக்ஸின் கனம் + 6 எக்ஸ் + 20 = 0 என்பதைக் கொடுத்தேன். மைனஸ் 2 வர வேண்டும் (−8 − 12 + 20, சரியாகப் பூஜ்ஜியம்). வந்ததோ 2.098 + 2.366ஜே. சூத்திரத்தை வரி வரியாகச் சரிபார்த்தேன், தவறே இல்லை. ஒவ்வொரு இடைமதிப்பையும் அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. உள்ளே மைனஸ் 20.392-க்குக் கனமூலம் எடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நான் எதிர்பார்த்தது −2.732. பைத்தான் தந்தது 1.366 + 2.366ஜே.

அதுவும் கனமூலம்தான். பூஜ்ஜியம் அல்லாத எந்த எண்ணுக்கும் 120 பாகை இடைவெளியில் மூன்று கனமூலங்கள் உண்டு. மொழி அவற்றில் முதன்மை மதிப்பை மட்டும் தருகிறது. அதாவது முதன்மை வீச்சை (நேர்ம மெய் அச்சில் இருந்து எண் நிற்கும் கோணம்) மூன்றால் வகுக்கிறது. எதிர்ம மெய்யெண்ணின் வீச்சு 180 பாகை, மூன்றால் வகுத்தால் 60. அதனால்தான் விடை மெய் அச்சை விட்டு விலகிப் போகிறது. நான் இரண்டு கனமூலங்களையும் தனித்தனியாக எடுத்திருந்தேன். ஆனால் அவற்றின் பெருக்கல் இங்கே −2 ஆக இருந்தே தீர வேண்டும், அது கார்டானோ முறையின் நிபந்தனை. இப்போது ஒன்றை மட்டும் கனமூலமாக எடுத்துவிட்டு, மற்றதை −2-ஐ அதனால் வகுத்துப் பெறுகிறேன். இரண்டில் பெரியதை முதலில் எடுப்பது நல்லது. சிறியது 10.392-இல் இருந்து 10-ஐக் கழித்து வருவதால் துல்லியம் கொஞ்சம் போய்விடும்.

* * *

உங்கள் கதையைப் படித்ததும் என்னுடையது நினைவுக்கு வந்தது. மைனஸ் எட்டை அடைப்புக்குறிக்குள் போடாமல் மூன்றில் ஒன்று அடுக்குக்கு உயர்த்திப் பார்த்தேன், −2 வந்தது. சரி, பைத்தான் மெய்மூலத்தைத் தருகிறது என்று நம்பிவிட்டேன். உண்மையில் அடுக்குதான் முதலில் கணக்கிடப்படுகிறது, மைனஸ் கடைசியில்தான் ஒட்டுகிறது. மாறிக்குள் −8 இருந்தபோது 1 + 1.732ஜே வந்தது. பைத்தான் 2-இல் இதே கணக்கு பிழை காட்டி நிற்கும், பைத்தான் 3 பேசாமல் கலப்பெண்ணைத் தந்துவிடும். மெய்யான கனமூலம் மட்டும் போதும் என்றால், 3.11 பதிப்பில் இருந்து மேத் தொகுதியிலேயே அதற்கென்று தனிச் சார்பு இருக்கிறது.

* * *

நீங்கள் இருவரும் பைத்தானில் மாட்டியிருக்கிறீர்கள், நான் மாட்டியது சி மொழியில். அங்கே 1999-ஆம் ஆண்டுத் தரத்தில்தான் கலப்பெண் வகை வந்தது. ஒரு தொடர் மின்சுற்றின் மின்னெதிர்ப்பை அதிர்வெண் மாற மாற வரைந்துகொண்டிருந்தேன். மட்டு மதிப்புக்கு (பூஜ்ஜியத்தில் இருந்து எண் இருக்கும் தூரம்), தசம எண்களுக்கு வழக்கமாகப் போடும் ஃபேப்ஸ் என்பதையே போட்டுவிட்டேன். கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. கலப்பெண்ணை மெய்யெண்ணாக மாற்றும்போது சி மொழி கற்பனைப் பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். 3 + 4ஐ-யின் (உங்கள் ஜே இங்கே ஐ) மட்டு 5 என்பதற்குப் பதில் 3 வரும்.

நான் சரிபார்த்தது ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் மட்டும்தான். அங்கே கற்பனைப் பகுதி பூஜ்ஜியம், எனவே விடை கச்சிதமாகப் பொருந்தியது. முழு வரைபடத்தைப் பார்த்தபோதுதான், பள்ளமாக வர வேண்டிய வளைவு நேர்கோடாகக் கிடந்தது. கலப்பெண்களுக்கான சார்புகள் எல்லாம் சி என்ற எழுத்தோடு தொடங்கும்: கேப்ஸ், சிஸ்கொயர்ரூட் என்று. அந்த ஒரு எழுத்தை விட்டதுதான் காரணம். சி பிளஸ் பிளஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே நார்ம் என்ற சார்பு மட்டைத் தராது, மட்டின் வர்க்கத்தைத் தரும். 3 + 4ஐ-க்கு 25.

* * *

எனக்கு இரண்டு நாள் போனது பூஜ்ஜியத்தின் குறியால். −1 + 0ஜே-வின் வீச்சு +3.14159. அதன் இணையெண்ணை எடுத்தால் கற்பனைப் பகுதி மைனஸ் பூஜ்ஜியம் ஆகிவிடும், வீச்சு −3.14159. இரண்டையும் சமமா என்று கேட்டால் சமம் என்றே பைத்தான் சொல்லும்! மிதவைப் புள்ளி எண்களில் பூஜ்ஜியத்துக்கும் குறி உண்டு. எதிர்ம மெய் அச்சின் எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதை அந்தக் குறிதான் சொல்கிறது. என் அலை வரைபடத்தில் திடீர் திடீரென்று முழுச் சுற்று அளவுக்குத் தாவல்கள் தெரிந்ததற்கு இதுவே காரணம்.

கோணங்களின் சராசரியிலும் இதே கதைதான். 179 பாகைக்கும் −179 பாகைக்கும் சாதாரணச் சராசரி பூஜ்ஜியம், நேர் எதிர்த் திசை. ஒவ்வொரு கோணத்தையும் மட்டு 1 உள்ள கலப்பெண்ணாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அப்புறம் வீச்சு எடுத்தால் 180 வரும்.

* * *

சின்ன விஷயம் ஒன்று. ஈ-யின் அடுக்கில் பை ஜே போட்டு 1-ஐக் கூட்டினால் பூஜ்ஜியம் வராது, கற்பனைப் பகுதியில் 1.22 × 10⁻¹⁶ மிஞ்சும். பை என்று நாம் கொடுப்பதே தோராயம்தானே. சமக்குறி போட்டு ஒப்பிடாமல் பைத்தான் 3.5 பதிப்பில் வந்த, இரண்டு எண்கள் போதிய அளவு நெருக்கமா என்று பார்க்கும் இஸ்க்ளோஸ் சார்பைப் பயன்படுத்துங்கள். பூஜ்ஜியத்தோடு ஒப்பிடும்போது தனிப்பிழை வரம்பை (எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம் என்ற அளவு) கட்டாயம் நீங்களே கொடுக்க வேண்டும், இயல்பாக அது பூஜ்ஜியமாகவே இருக்கும்.

* * *

தொடங்கியவன் மறுபடியும் வந்திருக்கிறேன். அந்த வரம்பு என்னிடமும் விடுபட்டிருந்தது, இப்போது சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு மூலத்தையும் சமன்பாட்டில் திரும்ப வைத்துப் பூஜ்ஜியத்தோடு ஒப்பிடும் சோதனையும் நிரலுக்குள் இருக்கிறது. −2 தேறியது. கூடவே கிடைத்த 1 + 3ஜே, 1 − 3ஜே இரண்டும் தேறின.