பையனுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், வயிறு பரவால்ல, மனசு உடைஞ்சு போய்ட்டான்

தாமிரபரணி_அம்மா:
வணக்கம். பையன் பத்தாவது. கொலனோஸ்கோப்பி பண்ணி அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், பெருங்குடல்ல புண்ணுன்னு சொன்னாங்க, ரத்தமா போய்ட்டு இருந்தது ஸ்டீராய்டு ஆரம்பிச்சப்புறம் நல்லாவே கம்மி ஆயிடுச்சு. ஆனா முகம் உப்பிப்போச்சு, கிளாஸ்ல "பன்னு மூஞ்சி"ன்னு கூப்பிடறாங்களாம், ஸ்கூல் வேன்ல அவசரமா வந்துடுமோன்னு காலைல ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கிறான், சாயங்காலம் வந்தா ரூம் கதவை சாத்திக்கிறான், கிரிக்கெட்டும் போறதில்ல. நேத்து "இந்த மாத்திரைய நிறுத்திட்டா முகம் பழையபடி ஆயிடும்ல"ன்னு கேக்கறான். மாமியார் வயசுக்கோளாறுங்கறாங்க. டாக்டர்கிட்ட மோஷன், பிளட் டெஸ்ட் பத்தி பேசவே நேரம் சரியா இருக்கு, இதெல்லாம் யார்கிட்ட கேக்கறது?

கோவை_குடல்வாசி:
அக்கா, எனக்கு 14 வயசுல க்ரோன்ஸ், அதுவும் இதே மாதிரி குடல் நோய்தான். மொதல்ல குடல் டிபின்னு நினைச்சு மாசக்கணக்குல டிபி மாத்திரை கொடுத்தாங்க, நம்ம ஊர்ல ரெண்டையும் பிரிச்சு பாக்கறது டாக்டர்களுக்கே கஷ்டம். வலி கூட தாங்கிடலாம், பாத்ரூம்ல இருந்து வெளிய வந்ததும் ஹால்ல சொந்தக்காரங்க இருக்கும்போதே "எப்படிடி போச்சு, ரத்தம் இருந்துச்சா"ன்னு அம்மா கேப்பாங்க பாருங்க, அப்படியே செத்துடலாம் போல இருக்கும். அவனையே போன்ல குறிச்சு வச்சுக்க சொல்லுங்க, நீங்க வாரம் ஒரு தடவை பாத்தா போதும். பைல ஒரு ஜட்டி, ஒரு பேன்ட், டிஷ்யூ, ஒரு கவர் எப்பவும் இருக்கட்டும், எனக்கு அது தேவைப்பட்டதே அபூர்வம் ஆனா இருக்குங்கற தைரியத்துலதான் பஸ் ஏறினேன். அப்புறம் டாக்டர் ரூம்ல அஞ்சு நிமிஷம் அவனை தனியா விடுங்க, அம்மா பக்கத்துல உக்காந்திருந்தா எந்த பிள்ளையும் வாய தொறக்காது.

இயற்கைவழி:
ஸ்டீராய்டே விஷம் மேடம். நிறுத்திட்டு மாதுளை தோல் கஷாயமும் மோரும் கொடுங்க, உடம்பு சூடுதான் எல்லாத்துக்கும் காரணம்.

வார்டு_நர்ஸ்:
மேல உள்ளதை தயவுசெஞ்சு கேக்காதீங்க. வாரக்கணக்குல ப்ரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு சாப்பிட்டா உடம்பு தன்னோட கார்டிசால்ங்கற ஹார்மோனை சுரக்கறதை குறைச்சிடும், டக்குனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்றபடி படிப்படியாத்தான் குறைக்கணும், டோஸ் குறைய குறைய முகமும் வடிஞ்சிடும், இதை டாக்டர் வாயாலயே அவன்கிட்ட சொல்ல வைங்க. இன்னொண்ணு, அந்த மாத்திரையே தூக்கத்தையும் மூடையும் கெடுக்கும், எரிச்சல், அழுகை எல்லாம் வரும். காலைல சாப்பிட்டப்புறம் போட வேண்டிய மாத்திரை அது, இவன் சாப்பிடாமலே போறான்னா வெறும் வயித்துலயா போடறான்னு பாருங்க. ரத்தம் போனதுல ஹீமோகுளோபின் குறைஞ்சிருந்தாலும் இப்படி சுருண்டு படுப்பாங்க, அதையும் கேளுங்க. இதெல்லாம் சரியா இருந்தும் ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க. வாழ பிடிக்கலங்கற மாதிரி ஏதாவது சொன்னா அன்னிக்கே, தள்ளிப் போடாதீங்க. 14416 டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசு நம்பர், அதுலயும் பேசலாம்.

சாக்பீஸ்:
நான் டீச்சர். ஹெச்எம்மையும் கிளாஸ் டீச்சரையும் நேர்ல பாத்து டாக்டர் லெட்டர் கொடுங்க. கதவுப்பக்கம் சீட், கேக்காம எழுந்து போக அனுமதி, ஸ்டாஃப் டாய்லெட், மூணும் கேளுங்க. எங்க ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பாளே கிடையாது, பாவம் எந்த பிள்ளை போகும்? கிளாஸ்ல நோய் பேரை அறிவிக்கக் கூடாதுன்னும் சொல்லிடுங்க, நல்லது பண்றோம்னு நினைச்சு சில பேர் சொல்லிடுவாங்க. பப்ளிக் எக்ஸாம் ஹால் விஷயமும் இப்பவே பேசிடுங்க.

தாமிரபரணி_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. வெறும் வயித்துலதான் போட்டிருக்கான், கேட்டதுக்கப்புறம்தான் தெரிஞ்சது. பேன்ட் பத்தி சொன்னேன், "பைல வெளிய தெரியாம வை"ன்னான், அவ்ளோதான். வியாழக்கிழமை ரிவ்யூ, தனியா விடறேன். அந்த 14416ல தமிழ்ல பேசுவாங்களா?

வார்டு_நர்ஸ்:
பேசுவாங்க மேடம், 24 மணி நேரமும். காசு கிடையாது. அவனே கூப்பிட்டாலும் பேசலாம், நம்பரை அவன் போன்லயும் போட்டு வைங்க.