மெதுவாக மிதித்தால் தரைவரை இறங்கும் பிரேக் பெடல்: கோளாறு எங்கே?

மலையடிவாரம் (சேலம்)

வணக்கம். 2012 மாடல் பெட்ரோல் கார். 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பத்து நாட்களாக, சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் பழைய உயரத்தில் பிடிக்கிறது. ஓங்கி மிதித்தால் நன்றாகவே நிற்கிறது. அதனால் முதலில் என் பிரமை என்றுதான் நினைத்தேன். நேற்று மாலை சிக்னலில் வண்டி தானாக நகர்ந்து, முன்னால் நின்ற ஸ்கூட்டரை நெருங்கிவிட்டது. பின் இருக்கையில் குழந்தைகள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

டப்பாவில் பிரேக் ஆயில் துளியும் குறையவில்லை. பட்டறையில் முன் பேடுகளை மாற்றி, பிரேக் குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்ற ஏர் எடுத்தார்கள். இரண்டு நாள் சரியானது போலிருந்தது, பிறகு முன்பைவிட வேகமாக இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் மாமனார் வீட்டு விசேஷம். இந்த வண்டியில் போகலாமா?

கோவை ஓட்டுநர்

ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு வந்துவிடும். டாட் 4 என்றால் 230, 155. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் அந்த ஈரம் ஆவியாகிக் குழாயில் குமிழியாக நிற்கும், பெடல் பஞ்சுபோல அமுங்கும். ஊட்டிப் பக்கம் கல்லட்டி இறக்கத்தில் எனக்கே நேர்ந்திருக்கிறது. உங்களுக்கும் அதுவாக இருக்கலாம்.

நாமக்கல் பட்டறை

கோவை நண்பர் சொல்வது உண்மையான ஆபத்துதான், ஆனால் இங்கே பொருந்தவில்லை. ஆவியோ காற்றோ இருந்தால் மிதித்தவுடனேயே பெடல் பஞ்சாக இருக்கும், இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே ஏறி நிற்கும். உங்கள் பெடல் முதலில் நன்றாகப் பிடித்து, பிறகு நழுவுகிறது. அதுவும் மெதுவாக மிதிக்கும்போது மட்டும்.

பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். இது அதற்குள் பிஸ்டனில் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்ததன் அடையாளம். ஓங்கி மிதித்தால் அழுத்தம் கப்பின் விளிம்பைச் சுவரோடு ஒட்ட வைக்கிறது. இதமாக மிதித்தால் விளிம்பு ஒட்டுவதில்லை. ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் வழிந்து டப்பாவுக்கே திரும்பிவிடுகிறது. அளவு குறையாததற்குக் காரணம் அதுதான்.

ஏர் எடுத்தபின் மோசமானதும் பொருந்துகிறது. அப்போது பெடலைத் தரைவரை மிதித்திருப்பார்கள். வழக்கமாகக் கப் போகாத அந்த அடிப்பகுதியில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். பழைய கப் அதன்மேல் உரசினால் விளிம்பு கிழியும். நாங்கள் பழைய வண்டிகளில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டுத்தான் ஏர் எடுப்போம்.

ஆனாலும் என் சொல்லை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள், சோதித்துப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். இன்ஜினை அணைத்து, பெடல் இறுகும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு இதமாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். அடுத்து, மிதித்தபடியே இன்ஜினைக் கிளப்புங்கள். அப்போது சிறிதளவு ஒருமுறை இறங்கி நிற்பது, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்வதைக் காட்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நிற்காமல் இறங்கிக்கொண்டே போவதுதான் கோளாறு. நான்கு சக்கரங்களின் உட்புறமும், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடமும் ஈரமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஏற்காடு என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். தயவுசெய்து இந்த வண்டியை எடுக்காதீர்கள். பட்டறைக்குக்கூட இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

மலையடிவாரம் (சேலம்)

சோதித்தேன் ஐயா. இன்ஜின் அணைந்திருக்கும்போதே நாற்பது விநாடிக்குள் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. வெளியில் எங்கும் ஈரம் இல்லை. பட்டறைக்காரர் கப் மட்டும் மாற்றும் கிட் போதும் என்கிறார், முழு சிலிண்டர் பல மடங்கு விலை. எதைச் செய்வது?

நாமக்கல் பட்டறை

கழற்றித் துடைத்து, உட்சுவரை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிபோல் இருந்தால் கிட் தாங்கும். குழியோ, நகம் மாட்டும் கீறலோ இருந்தால் புதுக் கப் சில மாதங்களிலேயே கிழிந்துவிடும். தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று சொன்னால் விடாதீர்கள், துளை பெரிதானால் கப் தளர்ந்துவிடும். வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், இதில் வேண்டாம்.

புது சிலிண்டரை வண்டியில் பூட்டும் முன்பே வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு நாள் முழுதும் சக்கரத்தில் ஏர் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். பூஸ்டரின் தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்கள். கம்பி நீண்டிருந்தால் பிரேக் பிடித்தபடியே நின்று சக்கரம் சூடாகும். பிறகு மிகத் தொலைவிலுள்ள பின் இடது சக்கரத்திலிருந்து தொடங்கலாம். வண்டியின் கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதுவே சரி. மூடியில் எழுதியிருக்கும் வகை ஆயிலை, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்தே ஊற்றுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், உரித்துவிடும்.

மலையடிவாரம் (சேலம்)

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போய்வந்தோம். இன்று சிலிண்டரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். உட்சுவரில் நகம் மாட்டும் அளவுக்கு இரண்டு கீறல்கள், முன் கப்பின் விளிம்பில் பிறைபோல ஒரு கிழிசல். முழு சிலிண்டரையே மாற்றிவிட்டேன். பழைய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் வந்தது, நான்கு சக்கரத்திலும் தெளிவாகும்வரை விட்டோம். இப்போது இதமாக மிதித்து இரண்டு நிமிடம் பிடித்தேன், பெடல் அசையவில்லை. கோவை நண்பருக்கும் உங்களுக்கும் மிகுந்த நன்றி ஐயா.

நாமக்கல் பட்டறை

மகிழ்ச்சி. நூறு கிலோமீட்டர் ஓடியதும் குழாய் இணைப்புகளையும் சக்கரங்களில் ஏர் எடுக்கும் நான்கு நிப்பிள்களையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் ஒட்டினால் அன்றைக்கே இறுக்கிவிடச் சொல்லுங்கள்.