ஊர் வீட்டு மாடியில் டேபிள் ரோஸ்: உங்கள் அனுபவம்?

காரைக்குடி:
மாடியில் வைத்த செடிகளில் கோடையைத் தாக்குப்பிடித்தது டேபிள் ரோஸ் ஒன்றுதான். பத்துமணிப் பூ என்பார்களே, அதுதான். வெளியூரில் இருந்துகொண்டே ஊர் வீட்டில் வளர்ப்பவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

பள்ளத்தூர்:
நாங்கள் சென்னையில் இருக்கிறோம். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணம் காட்சிக்கும்தான் வீடு திறக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம், "இலை கெட்டியா இருந்தா தண்ணி ஊத்தாதீங்க" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். தண்ணீரைச் சேமித்து வைப்பதே அந்த ஊசி இலையும் தண்டும்தான். இலை சுருங்கித் தொய்ந்தால் வேர் நனைய ஊற்றினால் போதும், நிமிர்ந்துவிடும்.

மண் கலவையில்தான் கவனம் வேண்டும். வெறும் செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகும், மழையில் சேறாகும். பாதிக்குப் பாதி மணலும் ஒரு கை சரளையும் கலந்துகொள்ளுங்கள். சட்டித் துளையின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். நம்மூரில் அதற்குப் பஞ்சமே இல்லை! உரத்தை அள்ளிப் போடாதீர்கள். தண்டு நீளுமே தவிர பூக்காது.

பலர் இதை வளவு முற்றத்தில், அதாவது வீட்டுக்குள் நடுவே இருக்கும் திறந்த முற்றத்தில், வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் சுற்றிலும் கூரை இருப்பதால் உச்சிவேளையில் கொஞ்ச நேரம்தான் அங்கே வெயில் விழும். மழை வந்தாலோ நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் அங்கேதான் கொட்டும். நன்றாகப் பூக்க ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். என்னைக் கேட்டால் மொட்டை மாடிதான் சரி.

கானாடுகாத்தான்:
பள்ளத்தூர் ஆச்சி சொல்வது நூற்றுக்கு நூறு. என் தங்கை, காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் பேசின் வாங்கி, அதில் நட்டாள். அடியில் துளை கிடையாது. ஐப்பசி அடைமழையில் தண்டின் அடிப்பாகம் பழுத்துக் கொழகொழத்துவிட்டது. நுனி மட்டும் பச்சை. அந்த நுனிகளைக் கிள்ளி, கொஞ்சம் நிழலில் உலரவிட்டு, ஈர மணலில் செருகினோம். ஒரு வாரத்தில் வேர் பிடித்துவிட்டது. இப்போது துளையுள்ள சட்டியில் செடி. அந்தச் சட்டி பேசினுக்குள்ளே கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் பேசினில் தேங்கும் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிடுவாள்.

காரைக்குடி:
விதை கிடைக்குமா?

பள்ளத்தூர்:
ஒற்றை அடுக்கு இதழுள்ள பூவில் கிடைக்கும். காய் முற்றினால் மேல் பாதி மூடி போலக் கழன்று வரும். உள்ளே சாம்பல் நிறத்தில், கடுகைவிடப் பொடியாக இருக்கும். மேலாகத் தூவுங்கள், மண் போட்டு மூட வேண்டாம். முளைக்க வெளிச்சம் வேண்டும். அடுக்குப் பூவில் விதை அவ்வளவாகக் கட்டாது, குச்சி ஒடித்து நடுவதுதான் வழி.

தேவகோட்டை:
எங்கள் வீட்டுப் பையன் கண்டுபிடித்த வேடிக்கை ஒன்று. நல்ல வெயிலில் விரிந்த பூவின் மகரந்தத் தாள்களைத் துடைப்பக் குச்சியால் லேசாகத் தொட்டால், தொட்ட பக்கமாகவே மெல்லச் சாய்கின்றன! மேகம் போட்ட நாளில் போய்ப் பார்க்காதீர்கள், பூவே சரியாக விரியாது.

அப்புறம், இலைக்கணுவில் வெள்ளை முடி இருந்தால் மாவுப்பூச்சி என்று பயந்து பிடுங்கிவிடாதீர்கள். அது செடியின் சுபாவம். பஞ்சு போல ஒட்டி, விரலால் நசுக்கினால் பிசுபிசுத்தால்தான் பூச்சி. சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து, வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள்.