வெள்ளைப் பந்துக்கு மட்டும் மெழுகு: ஏமாற்றா, நல்லதா?

எட்டாம்பந்து:
நாங்கள் பூல் (மேசையில் குச்சியால் பந்தடித்து பாக்கெட்டில் விழவைக்கும் ஆட்டம்) ஆடும் இடத்தில் போன மாதத்திலிருந்து, குச்சியால் அடிக்கிற வெள்ளைப் பந்துக்கு மட்டும் மெழுகு போட்டுத் தேய்க்கிறார்கள். பேக் ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி) கொடுத்தால் கயிறு கட்டி இழுத்த மாதிரி திரும்பி வருகிறது, அது சரி. ஆனால் இத்தனை வருடம் யோசிக்காமல் போட்ட அரைப்பந்து கட் (மற்றப் பந்தின் பாதியில் படும்படி சாய்வாக அடிப்பது) எல்லாம் பாக்கெட் ஓரத்தில் இடித்து நிற்கின்றன. என்னைக் கேட்டால் இது ஏமாற்று வேலை.

சாக்குப்பொடி:
பழி பந்தின் மேலா? இரண்டு பந்தும் உரசும்போது வெள்ளை மற்றதைத் தான் போகும் திசைக்குக் கொஞ்சம் இழுக்கும், அதைத்தான் த்ரோ என்கிறோம். அழுக்குப் பந்தில், மெதுவான ஸ்டன் அடியில் (மோதும்போது வெள்ளை முன்னோ பின்னோ சுழலாத அடி) அது நாலைந்து டிகிரி வரை போகும். அதற்குச் சரிக்கட்ட நீங்கள் மற்றப் பந்தின் ஓரமாக, மெல்லிசாகக் குறி வைத்தே பழகிவிட்டீர்கள். இப்போது உரசல் குறைந்துவிட்டது, உங்கள் கை மட்டும் இன்னும் சரிக்கட்டுகிறது.

எட்டாம்பந்து:
விதி என்று ஒன்று இருக்கிறதே? உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் உபகரண விதியிலேயே பந்துக்குப் பாலிஷ், மெழுகு கூடாது, பூசியிருந்தால் நீர் கலந்த ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்று இருக்கிறது.

ஓரப்பலகை:
கணக்குக்காரன் நடுவில் வருகிறேன். சுழற்சி இல்லாமல் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அடித்த பந்து, மேசைத் துணியோடு உராய்வுக் கெழு 0.2 என்றால், சுமார் அரை மீட்டர் சறுக்கிய பிறகுதான் உருள ஆரம்பிக்கும். மெழுகு போட்டு உராய்வு பாதியானால் அது ஒரு மீட்டர். ஒன்பதடி மேசையின் ஆடுகளமே 2.54 மீட்டர்தான்! வேடிக்கை என்னவென்றால் மெழுகு போட்ட பந்தும் போடாத பந்தும் உருளத் தொடங்கும்போது வேகம் ஒன்றுதான், அடித்ததில் 5/7 பங்கு. மாறுவது எங்கே உருளத் தொடங்குகிறது என்பது மட்டும். பேக் ஸ்பின் தூரம் வரை சாகாமல் இருப்பதும் இதனால்தான், உங்கள் கை திடீரென்று தேறிவிடவில்லை.

சாக்குப்பொடி:
😄 அதுதான். சைட் (பக்கவாட்டுச் சுழற்சி) கொடுத்து அடிப்பவர்களும் கவனிக்கட்டும். குச்சி பந்தை ஒதுக்கித் தள்ளுவது அப்படியே இருக்கும், வளைந்து திரும்புவதுதான் தாமதமாகும், அதனால் தூர அடியில் வெள்ளை குறியை விட்டு விலகிப் போகும். வெள்ளையோடு ஒட்டி நிற்கும் பந்தைத் த்ரோ வைத்துப் போடும் வித்தையும் பாதி போச்சு.

எட்டாம்பந்து:
அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள எனக்கு எத்தனை வருடம் ஆனது தெரியுமா? அதை ஒரு டப்பா மெழுகு அழிப்பதுதான் நியாயமா?

சாக்குப்பொடி:
அழுக்குக்கும் அளவு கிடையாது அண்ணே. குச்சி நுனியில் தேய்க்கும் சாக்பொடி ஒட்டிய இடம் சரியாக உரசும் இடத்தில் வந்துவிட்டால் பந்து பிடித்துக்கொண்டு எங்கேயோ போகும், அதுவா திறமை?

எட்டாம்பந்து:
அதற்கு மெழுகு எதற்கு, சோப்புத் தண்ணீர் போதும். எல்லாப் பந்தையும் கழுவட்டும், வெள்ளையை மட்டும் ராஜா மாதிரி வைக்க வேண்டாம். நாளைக்கு ஆல்கஹாலும் துணியும் நானே கொண்டு போகிறேன்.